கேபிள் போன வழி

பஸ் வராது என்று டீக்கடைக்காரர் கையை விரித்ததுமே கடப்பாரைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. கடப்பாரை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, மண் வேலையில் கூட்டாளிகள் வைத்தது. மதியத்துக்கு மேல் பக்கத்து ஊருக்கு இருப்பதே ஒரு பஸ். அதுவும் வழியில் அச்சு முறிந்து படுத்துவிட்டதாம்.

பக்கத்து ஊரில் நூல் மில், மில்லுக்குள்ளேயே பெண்கள் விடுதி. மகள் அங்கேதான் இருந்தாள். வேலைக்குப் போகிறேன் என்று அவள் பெட்டி கட்டிய அன்று, "போனா என் கால் அந்த வாசல்ல படாது" என்று இவர் கத்தினார். அவளும் அப்பன் பெற்ற பிள்ளைதானே, "படவே வேணாம்" என்று போயே விட்டாள். அதற்கப்புறம் போன் வந்தால் அம்மாவுக்குத்தான். போன வாரம்தான், ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை, என் தலையணையைக் கொண்டு வா என்று அம்மாவிடம் கேட்டாள். அப்பாவும் வரட்டுமா என்று அம்மா நைசாக நூல் விட்டுப் பார்த்தாள். "வந்தா வரட்டும்" என்றாள் மகள்.

அந்த ஒரு பேச்சை நம்பி மனிதர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க விடுவார்கள். சாயங்கால மணி அடித்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

"வா, நடந்து போவோம்" என்றார் மனைவியிடம். "ரோடு ஊரைச் சுத்திக்கிட்டுப் போகுது. குறுக்க விழுந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போயிடலாம். போன் கேபிள் போட்டப்ப அங்க பள்ளம் தோண்டினதே நான்தான்."

"கண்ணைத் திறந்துக்கிட்டே போவோங்க" என்றாள் மனைவி, தலையணையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு.

கேபிள் போன வழியெல்லாம் முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் அடித்த சிமெண்டுக் கல் நட்டிருந்தார்கள். ஒரு கல்லில் நின்றால் அடுத்த கல் தெரியும். கொஞ்ச தூரம் கடப்பாரை ராஜா மாதிரி நடந்தார்.

"இது களிமண். மண்வெட்டியைக் கவ்விக்கும், விடாது. அந்தா, அந்த மேட்டுல முச்சூடும் பாறை. அதை உடைச்சு உடைச்சு கை கொப்பளிச்சது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"மண்ணு கதை போதும். அடுத்த கல்லு எங்க?"

அடுத்த கல் ஒரு காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் பாதி புதைந்து கிடந்தது. பொட்டலாகக் கிடந்த இடத்தைப் பிளாட் போட்டு வளைத்திருந்தார்கள். இவர் சுவரில் கை வைத்ததும் உள்ளேயிருந்து காவல்காரர் எட்டிப் பார்த்தார்.

"யோவ், யாருய்யா நீ?"

"இந்த வழியாத்தாங்க போகணும். இது நான் தோண்டின இடம்."

"அப்படியா? பத்திரம் வச்சிருக்கியா?"

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அங்கேயே கைகலப்பு ஆகியிருக்கும். சுவரைச் சுற்றி முள்ளுக்குள் நுழைந்து வந்ததில் சலவைச் சட்டை தோளில் கிழிந்தது. அதற்கப்புறம் ஓடை. இந்தக் கரையில் ஒரு கல், அந்தக் கரையில் ஒரு கல், நடுவில் முழங்கால் சேறு.

"கேபிளுக்கென்ன, அடியில பூந்து போயிடுச்சு" என்றாள் மனைவி. "நம்மளையும் அப்படியே போகச் சொல்றீங்களா?"

கடப்பாரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். வலது கால் செருப்பைச் சேறு விழுங்கிவிட்டது. கையை விட்டுத் துழாவினார், அகப்படவில்லை. கெட்ட வார்த்தை ஒன்று வாய் வரைக்கும் வந்தது, மனைவியைப் பார்த்து முழுங்கிக்கொண்டார். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஒற்றைச் செருப்போடு கல்லுக்குக் கல் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

கடைசிக் கல்லுக்கு அப்புறம் ஊர் இல்லை. கம்பி வேலி, வேலிக்குள் ஒரு போன் டவர். சுற்றிலும் காய்ந்த புல். ஆள் அரவமே இல்லை.

"இது என்னங்க?"

"டவர்."

"அது தெரியுது. ஊர் எங்க?"

கடப்பாரை வேலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அந்தப் பக்கம் கல்லே இல்லை.

"மாசக்கணக்கா தோண்டினீங்களே, இது எங்க போய் முடியுதுன்னு ஒரு மனுஷன்கிட்ட கேக்கலயா?"

"பக்கத்து ஊரு கேபிள்னு மேஸ்திரி சொன்னாரு. காலையில லாரியில கொண்டாந்து எறக்குவாங்க, பொழுது சாஞ்சா ஏத்திக்கிட்டுப் போவாங்க. தோண்டுன்னாங்க, தோண்டினேன். எங்க போகுதுன்னு எவன் நமக்குச் சொன்னான்?" வந்த ஆத்திரத்தில் கல்லை ஓங்கி உதைத்தார். செருப்பில்லாத கால் அது. விரலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

மனைவி சிரிக்கவில்லை. நாலா பக்கமும் பார்த்தாள்.

"அதோ தெரியுதே, அது மில்லு தண்ணித் தொட்டிதானே?"

வந்த வழிக்குப் பக்கவாட்டில், உழுத வயல்களுக்கு அப்பால், தொட்டி நெட்டையாக நின்றது.

"ஓடையைத் தாண்டினதுலேர்ந்தே தெரிஞ்சிருக்கும். குனிஞ்ச தலை நிமிராம கல்லையே பாத்துக்கிட்டு வந்தோம் ரெண்டு பேரும்."

இந்தத் தடவை அவள் முன்னால் நடந்தாள். உழுத கட்டி ஒவ்வொன்றும் காலைத் தடுக்கியது. ரோட்டில் ஏறும்போது மணி அடித்தது. கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது காவல்காரம்மா பூட்டைத் தொங்கவிட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம், பொண்ணைப் பாத்துட்டு..." என்று கெஞ்சினாள் மனைவி.

"பூட்டினா பூட்டினதுதான். சாவி வார்டனுக்குப் போகணும். அடுத்த மாசம் வாங்க."

"எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கோம் தெரியுமா?"

"எல்லாரும் எங்கேர்ந்தாவதுதான் வர்றாங்க. நான் என்ன பண்ண?"

சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தாள். பார்க்க வருகிறவர்களுக்குப் போட்டிருந்த பெஞ்சில் மதியத்திலிருந்து காத்திருந்தவள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் காலைப் பார்த்தாள். ஒன்றில் செருப்பு, ஒன்றில் ரத்தம், இரண்டிலும் முழங்கால் வரைக்கும் சேறு.

"என்னம்மா இது?" என்று அம்மாவிடமே கேட்டாள்.

"பஸ் வரல. உங்கப்பா தோண்டின வழியில கூட்டிட்டு வந்தாரு. வாய் பேசாம தலையணையை வாங்கிக்கோ."

கடப்பாரை தலையணையை மடித்துக் கம்பிகளுக்கு நடுவே திணித்தார். பாதி போனது. அப்புறம் சிக்கிக்கொண்டது. முன்னுக்கும் வரவில்லை, பின்னுக்கும் வரவில்லை.

"கம்பியை வளைச்சிடாதீங்க, என் தலைதான் உருளும்" என்றாள் காவல்காரம்மா.

மகள் கேட்டில் ஒரு காலை ஊன்றி, அந்த முனையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். முகம் சிவந்துவிட்டது.

"நல்லா தள்ளுங்கப்பா!"

பெட்டி கட்டிய நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. கடப்பாரை தள்ளினார். உறை நெரிந்தது, தலையணை அசையவில்லை.

"என்னங்க, பாறை உடைச்ச கையா இது?" என்று மனைவி பதறினாள். "உள்ள கூப்பிடப் போறாங்க, சட்டுனு தள்ளுங்க!"

"சும்மா இரு" என்றார் கடப்பாரை எரிச்சலாக, மகள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அவசரப்பட்டா கிழிஞ்சிடும்."