பேரைச் சொல்லிக் கூப்பிடு

எங்கள் பக்கம் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லமாட்டாள். அதே பெயரைத்தான் அவள் பிள்ளைக்கும் வைப்பார்கள். பெற்றவள் பிறகு எப்படிக் கூப்பிடுவாள் என்று எந்தப் புத்திசாலியும் யோசித்ததில்லை. என் மகன் செந்தூர்பாண்டியை நான் ‘தம்பி’ என்பேன். அவன் அப்பா ‘குட்டி’ என்பார். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான மாமா ‘எய்யா’ என்பார். அவன் எதற்கும் திரும்பமாட்டான்.

ஒன்றரை வயதாகியும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கை நீட்டி எதையும் கேட்கவில்லை. பொம்மைக் காரைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பான். சொன்னால், “ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும்” என்று என் வாயை அடைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் அனுசியா என்ற பெண் ஒரு டேப்லெட்டுடன் உட்கார்ந்திருந்தாள். ஆட்டிசத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவுமாம். பிள்ளை படம் பார்க்கும்போது கேமரா அவன் கண்ணையும் முகத்தையும் கவனிக்கும். எத்தனையோ குழந்தைகளின் வீடியோவைப் பார்த்துப் பழகிய டீப் லேர்னிங் என்றாள். நடுவில் அம்மா பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

மாமா பக்கத்தில் நின்றார். நான் முழித்தேன். கடைசியில் அனுசியாவே “செந்தூர்பாண்டி” என்றாள். மாமாதான் திரும்பினார்.

டாக்டரிடம் காட்டச் சொன்னது டேப்லெட். என் வீட்டுக்காரர் தங்கதுரை துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட். கண்டெய்னர் பேப்பரில் ஒரு புள்ளி தப்பினாலும் பிடித்துவிடுவார். சும்மா இருப்பாரா? நேரே அனுசியாவிடம் வந்து நின்றார்.

“இவனை யாரு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்புட்டிருக்கா? தெரியாத பேருக்கு எப்படித் திரும்புவான்? மெஷினுக்கு நம்ம வழக்கம் தெரியுமா?”

“நீங்க சொல்லுததும் சரிதான் அண்ணாச்சி,” என்றாள் அனுசியா. “வீட்டுல கூப்புடுத மாதிரி இன்னொருக்கா கூப்புடுங்க. எப்படியும் மெஷின் முடிவு சொல்லாது, டாக்டர்தான் சொல்லணும்.”

என் வயிற்றில் பால் வார்த்தாள். எல்லாம் பெயரால் வந்த வினை என்றால் எவ்வளவு நல்லது. ‘தம்பி’, ‘குட்டி’, ‘எய்யா’ என்று மூவரும் மாறி மாறிக் கூப்பிட்டோம். அவன் படத்தில் சிரித்த பெண்ணை விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் சுற்றிய காற்றாடியையே பார்த்தான். டேப்லெட் முன்பு சொன்னதையே சொன்னது. டாக்டரும் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஆட்டிசம்தான் என்றார்.

அழுதேன். ஆனால் நிம்மதியாகவும் இருந்தது. நான் கண்டது பொய்யில்லை. சின்ன வயதிலேயே தெரிந்தது நல்லது, உடனே பயிற்சி தொடங்கலாம் என்றார் டாக்டர்.

பயிற்சி டீச்சர் முதல் நாளே, ஆளுக்கொரு பெயர் வேண்டாம், வீடு முழுக்க ஒரே பெயரைச் சொல்லுங்கள் என்றார். ‘தம்பி’ என்று நான் வாயெடுப்பதற்குள் மாமா என்னைப் பார்த்து முந்திக்கொண்டார்.

“பள்ளிக்கூடத்துல எப்படிக் கூப்புடுவாவ? என் பேரையே சொல்லு முத்து. வாய் வெந்துறாது.”

முதலில் நாக்கு எழவில்லை. பிறகு வீடெல்லாம் என் சத்தம்தான். “செந்தூர்பாண்டி, இங்கன பாரு.” ஒவ்வொரு தடவையும் மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்குவார்.

“உங்கள இல்ல மாமா.”

“தெரியுது. என்னப் பாத்தாவது அவன் திரும்பிப் பழகட்டும்.”

மாதக்கணக்கில் இப்படியே போனது. நேற்று மாமா கடைக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் பிள்ளையும்தான். தோசை ஊற்றிக்கொண்டே, பழக்கத்தில் கூப்பிட்டேன். காரை வைத்துவிட்டு அவன் திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான். தோசை கருகியது. கருகட்டும் என்று மாமாவுக்குப் போன் போட்டேன்.

“மாமா, செந்தூர்பாண்டி திரும்பிட்டான்.”

“இன்னொருக்கா சொல்லு,” என்றார்.

சொன்னேன். அவன் மறுபடியும் திரும்பினான்.