நல்ல தண்ணி போர்

“யார் அத்த என் டம்ளர்ல கை வச்சது?”

“கை வக்கலடி, தண்ணி ஊத்துனேன். வெங்காயம் காஞ்சி கெடந்துச்சி. இன்னா, அது ஒரு குத்தமா?”

பக்கத்து வீட்டுப் பூரணியும் கெங்கம்மாளும் பொதுச்சுவருக்கு இருபுறமும் நின்று கத்துவது ஆம்பூரின் அந்தத் தெருவுக்குப் புதிதல்ல. கெங்கம்மாள் வீட்டில் அணைக்கட்டு ஊர்க்காரர் செங்கல்வராயன் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்ததுதான் புதிது. மகள் ஹேமலதாவை கெங்கம்மாளின் மகன் மதியழகனுக்குப் பேசி முடித்து, வீடு பார்க்க வந்திருந்தார். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு சூழ்ந்த ஊரில் பெண் கொடுக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது தண்ணீரைத்தான். “எங்க போரு நல்ல தண்ணி” என்று வீட்டு ஆழ்துளைக் கிணற்றைக் காட்டி கெங்கம்மாள் பத்து தடவையாவது சொல்லியிருப்பாள். உலை வைக்க அவள் கேன் தண்ணீர் வாங்குவது தெருவுக்குத் தெரியும், அணைக்கட்டுக்குத் தெரியாது.

செங்கல்வராயன் காபியோடு எழுந்து வந்தார். சுவர்மேல் இரண்டு வரிசைக் கண்ணாடி டம்ளர்கள், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெங்காயம்.

“இன்னாம்மா இது?”

“காலேஜ் ஆராய்ச்சி, மாமா. வேர் நுனியில செல்லு ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சாதான் வேர் நீளும். பிரியறதுக்கு முன்ன டிஎன்ஏவ நகல் எடுக்கணும். அதுக்குச் சரக்கு செஞ்சி குடுக்குற நொதிய இந்த வரிசையில இருக்குற மருந்து கட்டிப்போட்டுரும். வேர் நின்னுடும். அது சரி. இந்தப் பக்கம் வெறும் கேன் தண்ணி, இது வளரணும். நாலு நாளா இதுவும் நின்னுபோச்சி. மைக்ரோஸ்கோப்புல பாத்தா பிரியற செல்லே அகப்படல.” பூரணி கெங்கம்மாள் பக்கம் திரும்பினாள். “இன்னா தண்ணி ஊத்துனீங்க?”

பொய்யாகவாவது கேன் தண்ணீர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சம்பந்தி நிற்கிறாரே என்று கெங்கம்மாள் நிமிர்ந்துகொண்டாள்.

“கண்ட தண்ணியவா ஊத்துவேன்? எங்க போர் தண்ணிடி!”

செங்கல்வராயன் வெங்காயம் பயிரிடுகிறவர். அவள் தண்ணீர் ஊற்றிய வரிசையில் ஒன்றைத் தூக்கி, பழுத்துக் கருகிய வேர் நுனியை விரலால் தடவிப் பார்த்தார். காபியைக் குடிக்காமல் அப்படியே சுவர்மேல் வைத்தார். அது கேன் தண்ணீரில் போட்ட காபி. அதைச் சொல்லவும் கெங்கம்மாளுக்கு வழியில்லாமல் போயிற்று.

பூரணி புது வெங்காயம் வாங்கி முதலிலிருந்து செய்தாள். கூடவே போர் தண்ணீருக்கென்று மூன்றாவதாக ஒரு வரிசையும் வைத்தாள். படிப்பு முடிந்து வாலாஜாபேட்டைக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஹேமலதாவை ஏலகிரியில் கொடுத்தார்கள். மதியழகன் குடியாத்தத்து லுங்கித் தறிக்காரர் வீட்டுப் பெண்ணைக் கட்டி, மாமனார் வீட்டோடு தங்கிவிட்டான். ஏன் இங்கே இல்லை என்று கேட்டால், “கம்பெனி பஸ்ஸு அங்கதான் வருது” என்கிறாள் கெங்கம்மாள்.