கொல்லைப்புறத்து அடிக்கல்

அரசப்பன் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் கருங்கல் ஒன்று கிடக்கிறது. எத்தனையோ வருஷம் சோப்புத் தண்ணீர் குடித்தும் அதில் 'வைத்தியலிங்கம் அவர்கள்' மட்டும் அழியவில்லை. மகள் தங்கம்மாள் அதில் துணியை அடிக்கும்போதெல்லாம், போய்ச் சேர்ந்துவிட்ட மனைவி அம்சத்தின் குரல் அரசப்பனுக்கு மைக்கில் கேட்கும்.

அப்போது குடியிருப்பு மனைகளுக்குப் பட்டா கொடுத்த புதிது. பண்ணை நிலத்தில் கூரை போட்டிருந்த அரசப்பனுக்குக் குடிசையும் கொல்லையும் சொந்தமாயின. மனைகள் கைவிட்டுப் போன ஆத்திரத்தில் மிராசுதார் வைத்தியலிங்கம் வாய்க்கால் கரைத் தென்னந்தோப்பைச் சுற்றி முள்வேலி அடைத்தார். தெருப் பெண்கள் ஒதுங்கிய இடம் அந்தத் தோப்புதான்.

தங்கம்மாள் தலைப்பிரசவத்துக்கு ஐப்பசியில் வரப்போகிறாள். நிறைமாதக்காரி மழையில் வரப்பு வரப்பாக எங்கே நடப்பாள்? கொல்லையில் செங்கல்லால் ஒரு கக்கூஸ் கட்டியே ஆகவேண்டும் என்று அம்சம் ஒற்றைக் காலில் நின்றாள். அதற்குப் பஞ்சாயத்து அனுமதி வேண்டும். பஞ்சாயத்துத் தலைவரோ அதே வைத்தியலிங்கம். ஆட்சி மாறிய மறுநாளே கதரை அவிழ்த்துவிட்டுக் கரைவேட்டி கட்டிக்கொண்ட கொள்கைவாதி.

"ஆண்டே, கொல்லையில..."

"ஆண்டேயாவது பூண்டேயாவது! அதெல்லாம் ஒழிஞ்சுபோச்சு. தலைவர்னு சொல்லுடா."

"தலைவரே, கொல்லையில சின்னதா ஒரு கட்டடம்..."

என்ன கட்டடம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அக்கறை காட்டியதாகிவிடும். அந்த வார்த்தையை அவர் முன்னால் சொல்ல அரசப்பனுக்கும் நாக்கு எழவில்லை.

"இடத்தை நேர்ல பாக்கணும்" என்றார் தலைவர். வரமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். அவர் பரம்பரையில் யார் காலும் அந்தத் தெருவில் பட்டதில்லை.

ஆடி போயிற்று, ஆவணியும் போயிற்று.

"கெஞ்சினா வருவாரா? அடிக்கல் நாட்டக் கூப்பிடுய்யா" என்றாள் அம்சம். "மைக்கும் மாலையும் இருந்தா ஓடியாருவாரு. கல்லுகூட அவரே கொண்டாருவாரு. பேரு வெட்டி வீட்டுல அடுக்கி வெச்சிருக்காராம்."

ஓடித்தான் வந்தார். கல்லும் வந்தது. அடிக்கல் நாட்டியவர் பெயர் பெரிதாக வெட்டியிருந்தது. கட்டடத்தின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. கட்டடம் என்றால் கட்சிப் படிப்பகம்தான் என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

"சமத்துவம் பூத்துக் குலுங்கும் இந்தத் தெருவில் எழப்போகும் அறிவுக்கூடத்துக்கு இந்த மேடையிலேயே அனுமதி வழங்குகிறேன்!" என்று முழங்கிவிட்டு, கொத்துக்கரண்டியால் கலவை போட்டுக் கல்லைப் பதித்தார். கைதட்டல் அடங்கியதும், "தாய்க்குலத்தின் சார்பில் நீ ரெண்டு வார்த்தை பேசும்மா" என்று அம்சத்திடம் மைக்கை நீட்டினார்.

அம்சம் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"படிப்பகம் இல்லீங்க தலைவரே, கக்கூசு. நீங்க வேலி அடைச்சதுலேருந்து பொம்பளைங்க ஒதுங்க இடமில்லீங்க. எம்மவ பிரசவத்துக்கு வர்றா. நீங்களே வந்து கல்லு போட்டது ரொம்ப சந்தோஷங்க."

மைக் கீச்சென்று கத்தியது. தெருவே தலைவர் கையிலிருந்த கொத்துக்கரண்டியைப் பார்த்தது. அரசப்பனுக்கு வேட்டி நனைந்துவிடும் போலிருந்தது.

தலைவர் மெல்ல மைக்கை வாங்கினார்.

"ஆம்! இதுவும் நமது ஆட்சியின் சாதனைதான்!"

முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். புறப்படும்போது அவர் அரசப்பனை ஓரமாக இழுத்து, "என்ன கட்டடம்னு மட்டும் கல்லுல வெட்டிப்புடாத" என்றார்.

"சரிங்க ஆண்டே."

இந்தத் தடவை அவர் திருத்தவில்லை.

அடைமழைக்கு முன்பே கூரை ஏறிவிட்டது. தங்கம்மாள் கால் நனையாமல் போய்வந்தாள். பின்னால் அந்தக் கக்கூஸை இடித்து வேறு கட்டினார்கள். கல்லை மட்டும் அம்சம் வெளியே தூக்கிப்போட விடவில்லை.

பெயருக்கு விட்ட இடம் இன்றும் வெறுமையாகத்தான் இருக்கிறது. தங்கம்மாள் அங்கேதான் சோப்பு வைப்பாள்.