இசைத்தட்டுக்குள் போனவர்

தையல்காரியின் கணவர் இசைத்தட்டுக்குள் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. வாத்தியக் குழுவில் முக்கோணக் கம்பி தட்டுவது அவர் வேலை. மேல்ஸ்தாயியில் பாடும் டெனர் ஒருவர் இத்தாலிய ஓப்பராப் பாடல்களைப் பதிவு செய்த அன்று, இவர் கம்பியைத் தட்ட வேண்டியது ஒரே ஒரு முறை, அதுவும் கடைசிப் பாட்டில். அதுவரை தொடையில் விரலால் எண்ணிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். சாப்பிடும்போதுகூட எண்ணிப் பழகியதில் அந்தக் கணக்கு மனைவிக்கும் மனப்பாடம். ஆனால் டெனரின் குரல் மேலே மேலே போனபோது இவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார், எண்ணிக்கை தவறியது. பாட்டு இவ்வளவு நன்றாக இனி அமையாது என்று அதையே வெளியிட்டுவிட்டார்கள். விட்டதைத் தட்டாமல் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்று அவர் அந்தப் பாட்டுக்குள்ளேயே தங்கிவிட்டார்.

மனைவி அந்த ரிக்கார்டை வாங்கி வந்து தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த பாட்டுப் பெட்டியில் ஓடவிட்டாள். கடைசிப் பாட்டில் அவர் நாற்காலி கிறீச்சிடும். பெட்டிமேல் கை வைத்தால் விரல் எண்ணுவது தெரியும். குரல் ஏறியதும் விரல் நின்றுவிடும். "இன்னைக்கும் விட்டுட்டீங்களா? இங்க ஒருத்தி உக்காந்திருக்கிற ஞாபகமே இல்லையா?" என்று அழுதுகொண்டே யாருடைய சட்டைக்கோ காஜா எடுப்பாள். தலை நரைத்தது. படுக்கையில் அவர் படுக்கும் பக்கத்தில் தைத்த துணிகளை அடுக்கிப் பார்த்தாள். அப்படியும் அந்தப் பக்கம் காலியாகவே இருந்தது.

ஒரு மதியம், நாமே தட்டினால் என்ன என்று எவர்சில்வர் டம்ளரையும் கத்திரிக்கோலையும் எடுத்து வைத்துக்கொண்டாள். குரல் ஏறியது. பாட்டு முடிந்த பிறகுதான் டம்ளர் கையிலேயே இருப்பதைக் கவனித்தாள். "பாவி மனுஷன், யாராலதான் முடியும்!" என்றாள். இத்தனை வருடக் கோபம் அன்றோடு போனது.

மறுநாள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பெட்டிமேல் கை வைத்தாள். விரல் நின்ற இடத்திலிருந்து, மெஷினை மிதித்து மிதித்து எண்ணிக்கையைத் தானே தொடர்ந்தாள். சரியான இடத்தில் கத்திரிக்கோலால் டம்ளரைத் தட்டினாள். பஞ்சை எடுத்தபோது வாசலில் காலடிச் சத்தம். போனபோது இருந்த அதே வயதில், கையில் கம்பியோடு நின்றவர், அவள் நரையையே பார்த்தார்.

"செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க, இப்பத்தான் கூட்டினேன்" என்றாள்.

அதிலிருந்து அந்த ரிக்கார்டை எந்த வீட்டில் போட்டாலும் அந்த இடத்தில் டம்ளர் சத்தம் கேட்கிறது. ரிக்கார்டுக் கடையில் யாரும் வந்து குறை சொல்லவில்லை.