பவுடர் போட்ட வயிறு

என் வயிற்றில் ஒட்டியிருக்கும் பை, நாற்காலியில் உட்காருகிறவரின் காதுக்கு நேராக வரும். முடிவெட்டுகிறவனுக்கு இதைவிட வாகான இடத்தில் ஓட்டை போட்டிருக்க முடியாது. அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது மாதம். குடலின் நுனியை வயிற்றின் இடப்பக்கம் வெளியே எடுத்துவிட்டார்கள். மலம் அந்தப் பையில்தான் இறங்கும். தங்கையிடம்கூட "ஒரு கட்டி, எடுத்தாச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பை கொடகொடவென்றால் கேட்கக் கூடாது என்று கடையில் ரேடியோவை அலற விட்டேன். ஓயாமல் பேசுகிற வாயை மூடிக்கொண்டேன். கடைக்குப் பின்னாலேயே அறை. சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் என்னோடுதான்.

குளிர் மாதங்களில் பை சொன்ன பேச்சு கேட்டது. வெயில் ஏறியதும் ஓரம் விட்டுக் கசிந்தது. வியர்வை என்றால் பவுடர். இருபத்திரண்டு வருடமாக ஊரார் கழுத்தில் பார்த்த வைத்தியம். பை மாற்றும்போதெல்லாம் தோலில் நன்றாக அப்பினேன். கசிவு கூடியது. நானும் பவுடரைக் கூட்டினேன். அவ்வளவு புத்திசாலி நான்!

போன மாதம் தங்கையின் கணவர் வந்தார். மீன் சந்தையில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். மாதம் ஒருமுறை வேலை முடிந்து நேராக வருவார். வேறு யாரிடமும் தலையைக் கொடுக்க மாட்டார். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போகும்போது என் வயிற்றில் சூடாக எதுவோ இறங்கியது. நாற்றம் கிளம்பியது.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"என்கிட்ட இருந்துதான் வருதா மச்சான்? இன்னிக்கு அழுகின லோடு. குளிக்காம வந்துட்டேன்."

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் மூக்கைத் தேய்த்துக்கொண்டேன்.

"குளிச்சிட்டு வாங்க மாப்ள. மீதிய அப்புறம் பாத்துக்கலாம்."

பாதித் தலையோடு எழுந்து போனார். போர்த்தியிருந்த துணியை அவரே மடித்து வைத்துவிட்டுப் போனார். நான் ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன். அவருக்காக இல்லை, எனக்காகத்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், பை வைத்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸிடம் கசிவையும் பவுடரையும் சொன்னேன்.

"பவுடர் மேல பசை எப்படிங்க ஒட்டும்?" என்றார் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக. "வெறும் தண்ணியில கழுவி, ஒத்தி எடுத்து, ஃபேன் காத்துல நல்லா காய விடுங்க. ஒட்டினதும் உள்ளங்கைய வச்சு அஞ்சு நிமிஷம் பிடிங்க, சூட்டுல பசை பிடிக்கும். வெயில் காலத்துல அஞ்சு நாள் இழுக்காதீங்க, மூணாம் நாளே மாத்திடுங்க. மூணுல ஒரு பங்கு நிறைஞ்சதும் காலி பண்ணிடணும். கீழ தொங்குற பைக்கும் தோலுக்கும் நடுவுல பருத்தித் துணி வைங்க. ஆமா, புதுப் பையெல்லாம் எங்க வைக்கிறீங்க?"

"துண்டு சூடு பண்ற பெட்டி மேல."

"சரியாப் போச்சு. பசை அங்கயே உருகிடும்!"

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். எட்டு மாதத்தில் என்னோடு சேர்ந்து ஒருவர் சிரித்தது அன்றுதான்.

சொன்னபடி செய்தேன். கடும் வெயிலில் மூன்று வாரம், ஒரு சொட்டு கசியவில்லை. அப்போதுதான் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, அவருக்கு என்னமோ ஆயிடுச்சு. வேலை முடிஞ்சு வந்தா மூணு தடவை சோப்பு போடுறாரு. சின்னவ ஓடி வந்தா 'நாத்தம்மா, தள்ளிப் போ'ங்கிறாரு. பிள்ளையத் தூக்கி ஒரு மாசமாச்சு. நீயாவது என்னன்னு கேளேன்."

போனை வைத்ததும்தான் உறைத்தது. மனிதரை விட்டுத் தள்ளி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் ஒரு பாவமும் அறியாத மனுஷன் தலையில் கட்டிவிட்டிருக்கிறேன்.

மத்தியானமே கடையைச் சாத்திவிட்டுப் போனேன். வாசல் குழாயில் கை தேய்த்துக்கொண்டிருந்தார். மீதி முடிக்கு என்னிடம் வராமல் தலையை ஒட்ட மழித்திருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"கிட்ட வராதீங்க மச்சான். இப்பதான் வேலை முடிஞ்சுது."

வழியெல்லாம் சேர்த்து வைத்த பேச்சு காலை வாரிவிட்டது. சட்டையைத் தூக்கினேன்.

"அன்னிக்கு நாறினது நீங்க இல்ல மாப்ள. இது."

பையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு வேகமாக உள்ளே போனார்.

"இன்னும் மேல, இன்னும் மேலப்பா!" என்று சின்னவள் கூவுவது கேட்டது.

நான் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு குழாயடியில் நின்றேன். யாரும் என்னை உள்ளே கூப்பிடவில்லை.