நின்று விற்கும் கடை

டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள அன்று ஆள் யாரும் அகப்படவில்லை. அதனால் மாமாவே பிடித்துக்கொண்டார். வெள்ளைத்துணி விரித்த மெத்தை மேடையில், தன் வழக்கமான மூலையில் உட்கார்ந்தபடியே, டேப்பின் பித்தளை நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, "இழுத்துப் பிடிடா, தொய்யுது பாரு" என்றார். இடிக்கப்போகிற மேடையின் நீளத்தை அருணகிரி குறித்துக்கொண்டான்.

திருவண்ணாமலை தேரடித் தெருவில் தொடங்கி போளூர், செங்கம், ஆரணி, கீழ்பென்னாத்தூர் என்று எட்டு ஊர்களில் கிளைவிட்ட ஜவுளிக்கடை அது. பெரிய முதலாளி படுக்கையில் விழுந்த பிறகு, பம்பாயைப் பார்த்துவிட்டு வந்த மகன் சக்கரபாணிக்குக் கடைகளைப் பார்க்கவே வெட்கமாயிருந்தது. தரையில் உட்கார்ந்து புடவை விற்பதாவது! எட்டுக் கடையிலும் மேடையைப் பெயர்த்து எறிந்துவிட்டு ஸ்டீல் ராக்கும் கண்ணாடி கவுண்ட்டரும் போட வேண்டும், எந்த ஊர்க் கடைக்குள் நுழைந்தாலும் ஒரே கடையாகத் தெரிய வேண்டும் என்றார். அந்தப் பொறுப்பு கணக்குப் பிரிவில் இருந்த அருணகிரியிடம் வந்தது.

எண்பத்துமூன்றாம் வருஷத்து ஆடி மாதம் முழுக்க அவன் பஸ்ஸிலேயே குடியிருந்தான். கல்யாணம் இல்லாத மாதம், வியாபாரம் மந்தம். அதிலும் அஷ்டமி நவமியில் புதுத்துணி எடுக்க யாரும் வருவதில்லை என்பதால், அந்த நாட்களில் கடையை மூடி மேடையை உடைத்தான். ஓர் ஊரில் ஆசாரிகள் பலகையைப் பெயர்க்கும்போதே அடுத்த ஊருக்கு வைக்கோல் சுற்றிய கண்ணாடி லாரியில் போய்க்கொண்டிருக்கும். செங்கத்தில் சுவர் கோணல், ராக் பொருந்தவில்லை. ஆரணியில் சரக்கை எடுத்து வைக்க இடமில்லாமல் பக்கத்து அரிசி மண்டியைக் கெஞ்ச வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் சமாளித்தான். ஒவ்வொரு கடையும் விளக்குப் போட்டதும் பளிச்சென்று நிற்பதைப் பார்க்கையில் தன்னை நினைத்துத் தனக்கே ஒரு கர்வம் வந்தது. திருவண்ணாமலைக் கடையை மட்டும் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்கா ரேணுகாம்பாள் கேட்டாள். அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"உங்க மாமாவுக்கு மட்டும் ஒரு மூலையில மேடைய உடக் கூடாதாடா?"

"பேசிப் பாக்குறேன்க்கா."

"பாக்குறேன்னு சொல்லாத. செய்யறேன்னு சொல்லு."

"செய்யறேன்."

அக்காவின் புருஷன் மூர்த்தி மாமாவுக்குச் சிறுவயதுக் காய்ச்சலில் இடது கால் சூம்பிப் போயிருந்தது. அது கடையாட்களுக்குத் தெரியும். வாங்க வருகிறவர்களுக்குத் தெரியாது. கடை திறக்குமுன் ரிக்‌ஷாவில் வந்து மேடையேறி, வேட்டியைக் காலின்மேல் இழுத்துவிட்டு உட்கார்ந்தால், கதவு பாதி சாத்திய பிறகுதான் இறங்குவார். மதியச் சாப்பாடு மேடைக்கே வரும். கை எட்டும் தூரத்தில் பட்டு அலமாரி. எதிரே குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்வார்கள். அவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து, மடிப்பை உதறிப் புடவையை விரித்தாரென்றால் மெத்தை முழுக்க வண்ணம் ஓடும். இந்த ஊரிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் எத்தனையோ பெண்கள் அவர் விரித்துக் காட்டிய புடவையில்தான் மணையேறினார்கள். அவர்களில் ஒருத்திகூட அவர் நடந்து பார்த்ததில்லை. அப்பா இறந்த வருஷம் அருணகிரியைத் தன் வீட்டில் வைத்துக் காலேஜுக்கு அனுப்பியவரும், பெரிய முதலாளியிடம் பேசி வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதெல்லாம் அந்த மேடையில் உட்கார்ந்தபடிதான்.

அருணகிரி சின்ன முதலாளி சக்கரபாணியிடம் பேசத்தான் போனான். போளூர்க் கடையின் புது வெளிச்சத்தில் நின்றுகொண்டு அவர், "பிரமாதம் அருணகிரி. எட்டுக்கும் நீங்களே மேனேஜரா இருந்துடுங்க. ஆனா ஒண்ணு, எட்டும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு எடத்துல பழசு நின்னாலும் எனக்குப் புடிக்காது" என்றார். வாய்வரை வந்ததை அவன் விழுங்கினான். அதற்குப் பதில் ஆசாரியிடம் சொல்லி, கவுண்ட்டருக்குப் பின்னால் வைக்க உயரமான ஸ்டூல் ஒன்று செய்யச் சொன்னான். கவுண்ட்டரின் உயரத்தை அளந்தான், மாமாவின் இடுப்பளவை யோசித்தான், பாதம் வைக்கக் குறுக்குக் கட்டை கூட வைத்தான். எல்லாவற்றையும் சரியாகக் கணக்குப் போட்டுவிட்டதாகவே நினைத்தான்.

ஆடி முடிவதற்குள் திருவண்ணாமலை மேடையும் போய், மாமா ஸ்டூலுக்கு ஏறியிருந்தார். ஆவணி பிறந்து முதல் முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்கப் பச்சையம்மாள் வந்தாள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கழனிக்காரி. அங்கேயே கிளை இருந்தும், மகள்களின் முகூர்த்தப் புடவைக்கு மாமாவைத் தேடித்தான் வருவாள். இது கடைசி மகள். கூடவே மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும், மாப்பிள்ளையின் தகப்பன் அப்பாசாமியும்.

"இன்னா தம்பி, எங்கியோ மேல ஏறிக் குந்திக்கின? கலெக்டர் ஆயிட்டியா?" என்றாள் பச்சையம்மாள்.

"ஆமா, மனு இருந்தா குடு" என்றார் மாமா. பெண்கள் சிரித்தார்கள். அருணகிரிக்கு மூச்சு வந்தது.

மாமா ஒரு அரக்குப் பட்டை விரித்தார். கண்ணாடியில் அது வழுக்கிக்கொண்டு போனது. மெத்தையைப் போலப் பிடித்து நிறுத்தவில்லை. அப்பாசாமி கவுண்ட்டரில் முழங்கையை ஊன்றி, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். மற்ற பிரிவுகளில் எல்லோரும் நின்றுதான் விற்றார்கள்.

"ஏம்மா, துட்டு குடுக்குற நாம நிக்கிறோம். அவரு குந்திக்கினு காட்றாரு. நல்லாருக்குது உங்க கடை மரியாத."

பச்சையம்மாளின் முகம் சுருங்கியது. கண்ணாடிக்கு மேல் குனிந்து, மாமாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "செத்த எழுந்து காட்டேன் தம்பி. சம்பந்தி வூடு. எம் பொண்ணு வாழப்போற எடம்."

மேடை இருந்தவரை இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். இது அருணகிரிக்குத் தோன்றவே இல்லை. உயரத்தை அளந்தான், நிற்கிறவர் முன்னால் உட்காரக் கூடாது என்பதை அளக்கவில்லை.

மாமா அருணகிரியைப் பார்த்தார். கல்லாவில் சின்ன முதலாளியும் தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். 'அவருக்குக் கால் சரியில்லைங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பாசாமி வாயை மூடிக்கொள்வார். ஆனால் இத்தனை வருஷம் வேட்டிக்கடியில் மாமா மறைத்து வைத்ததை, ஊர் கேட்க, அவன் வாயால் எப்படிச் சொல்வது? சொல்லாமல்தான் எப்படி நிற்பது? மாமாவின் பார்வை சொல் என்கிறதா, சொல்லாதே என்கிறதா? அவன் யோசித்து முடிப்பதற்குள் மாமா பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"அதுக்கின்னா, எழுந்துக்கினா போச்சி" என்றார். "மாம்பழக் கலரு ஒண்ணு வந்துருக்குது. அந்தப் பொண்ணு நெறத்துக்கு எடுப்பா இருக்கும்."

ஸ்டூலிலிருந்து இறங்கினார். ராக் கவுண்ட்டரின் மறுகோடியில் இருந்தது. உள்ளங்கையைக் கண்ணாடியில் ஊன்றி, வலது காலை வைத்து, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி இடது காலை இழுத்தார். மறுபடி ஊன்றினார். அப்பாசாமி முழங்கையை எடுத்துக்கொண்டார். பச்சையம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "ஐயோ, வேணாம் தம்பி, இந்த அரக்கே போதும், இதே நல்லாருக்குது" என்றாள். மாமா காதில் வாங்கவில்லை.

கல்லாவிலிருந்து சின்ன முதலாளி மெல்லக் கூப்பிட்டார். "அருணகிரி, கண்ணாடி பூரா கை பட்டுப் போச்சி பாருங்க. தொடைச்சிடுங்க."

அவன் துணியை எடுத்துக்கொண்டு போய் நின்றான். தெருவிலிருந்து சாய்ந்த வெயிலில், கவுண்ட்டர் நெடுக ஐந்து விரலும் அப்பிய வியர்வைக் கைத்தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. அவற்றின் முடிவில் மாமா, ராக்கைப் பார்த்தபடி, மாம்பழ நிறப் புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். எடுத்து நெடுநேரமாகியும் திரும்பவில்லை.