எழுபத்து நான்கில் நின்ற கட்டைவிரல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. என் மகள் ஆடும் பேஸ்பால் அணியின் கோச், "நீங்கதான் எழுதுறவங்களாச்சே, பந்து எறியற பிள்ளைங்களுக்குக் கைவலி வராம இருக்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, சுவத்துல ஒட்டலாம்" என்றார். எழுத உட்கார்ந்தேன். 'ஓர் ஆட்டத்தில் எழுபத்தைந்து எறிகளுக்கு மேல் கூடாது. மீறினால் பத்து நாள் ஓய்வு. எண்ணுபவர்'

அதோடு பேனா நின்றுவிட்டது. எங்கள் அணியில் எண்ணுபவள் நான்தான்.

2

வேறு தொடக்கம்: 'பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்தாள்.'

(இன்று காலை என் மகள் அப்படித்தான் வாரினாள். அவள் வலது கைக்காரி.)

"ஏண்டி இந்தக் கையில வார்ற?"

"சும்மாதாம்மா."

"முழங்கை வலிக்குதா?"

"இல்லன்னு சொல்றேன்ல. கோச்கிட்ட எதையாவது உளறி வைக்காத. நாளைக்கு ஃபைனல்."

3

இந்தக் கதையில் வரும் தாயை எனக்குப் பிடிக்கவில்லை. போன சனிக்கிழமை அரையிறுதி. அவள் உள்ளங்கையில் எண்ணும் கருவி, மகளின் ஒவ்வோர் எறிக்கும் ஓர் அழுத்து. எழுபத்து நான்கு ஆகிவிட்டது.* எதிரணியில் இன்னும் இரண்டு பேரை வெளியேற்றினால் வெற்றி. எழுபத்தைந்தைக் காட்டினால் கோச் மகளை மாற்றிவிடுவார். தாய் கருவியிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிட்டாள்.

[எடுத்துவிட்டேன்.]

அதற்குப் பிறகு மகள் பதினொரு பந்து எறிந்தாள். ஜெயித்தோம். எல்லோரையும்விட நான்தான் பலமாகக் கை தட்டினேன், பாவி.

*ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்க எறிந்தவை இதில் சேராது. வியாழக்கிழமை பள்ளி அணிக்கு எறிந்தவையும் சேராது. முழங்கைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா என்ன?

4

முடிவு ஒன்று: டாக்டர் கையை மடக்கிப் பார்த்து, "வெறும் களைப்புதான்" என்கிறார். (ஆசைக்கு எழுதியது. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: நாளை ஐந்தாவது எறியில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு

(மாட்டேன். பயமாக இருக்கிறது.)

முடிவு மூன்று: கோச்சிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். மகள் ஃபைனலில் இல்லை. என்னோடு பேசுவதும் இல்லை.

5

எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கிறது. கோச்.

"அந்தப் பக்கம் எழுதி முடிச்சாச்சா? அப்புறம், பாப்பா கை எப்படி இருக்கு? நாளைக்கு அவதான் முதல்ல எறியறா."

மகள் வாசற்படியில் நிற்கிறாள். வலது முழங்கையை இடது கையில் ஏந்தியிருக்கிறாள். நான் போனை உள்ளங்கையால் மூடுகிறேன்.

"சொல்லிடாதம்மா" என்கிறாள், மெதுவாக. "எண்பத்தஞ்சு. நானும் எண்ணிட்டுதான் இருந்தேன். அன்னிக்கு நீ சொல்லல இல்ல?"

எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை. அடுத்த வரி உங்களுடையது. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். "ஹலோ, இருக்கீங்களா?" என்று கோச் இரண்டாவது முறையாகக் கேட்கிறார். மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.